ஆளில்லாக் கடைக்கு ஒரு ஆள்

என் மனைவியின் தங்கைக்கு ஐம்பத்து நான்கு வயது. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் எட்டு சலவை இயந்திரங்கள் உள்ள கடையைப் பார்த்துக்கொள்கிறாள். ஐந்து மாடிகளிலும் பக்கத்துத் தெருக்களிலும் அவளை ‘அப்டேட் அக்கா’ என்றுதான் சொல்வார்கள். போனில் புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போது வேண்டுமா, பிறகு வேண்டுமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த எல்லோரும் ‘பிறகு’ என்பதைத்தான் அழுத்துகிறார்கள். அவள் ஒருத்திதான் ‘இப்போதே’ என்பதை அழுத்துவாள். அழுத்திவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு, பால் பொங்கக் காத்திருப்பவளைப் போல அந்தக் கோடு நிறைவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பத்தொன்பது வயதில் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். எட்டாவது வருடம் தானியங்கி இயந்திரம் வந்து, அந்த அறையில் இருந்த பதினாறு பெண்களுக்கும் வேலை போயிற்று. பதினைந்து பேர் அழுதார்கள். இவள் அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, எண்ணைச் சுழற்றினால் நான்கு விநாடியில் மறுமுனையில் மணி அடிக்கிறது என்று அரை மணி நேரம் வியந்துகொண்டிருந்தாள். அடுத்துப் புகைப்படச் சுருள் கழுவும் கடையில் பதினொரு வருடம். டிஜிட்டல் கேமரா வந்து அது மூடப்பட்டது. கடையைப் பூட்டிய அன்றே இவள் கையில் அந்தக் கேமரா இருந்தது. பிறகு பயணச்சீட்டு பதிவுசெய்து கொடுக்கும் கடை. அதை ஒழித்த செயலியை எங்கள் கட்டடத்தில் முதலில் இறக்கியவளும் அவள்தான்.

“எனக்கும் மெஷினுக்கும் சண்டையே கிடையாது அத்தான்,” என்பாள். “அது உள்ள வந்தா நான் எழுந்து இடம் விடுறேன். அவ்வளவுதான்.”

“இடம் விட்டுட்டு நீ எங்கடி போய் உக்காருவ?” என்று என் மனைவி கேட்பாள்.

அதற்காக, வருவதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு வரவேற்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு எல்லாவற்றைப் பற்றியும் கருத்து உண்டு. பேசும் குளிர்பெட்டியைப் பற்றி: “கதவு தெறந்திருக்குன்னு கத்தத் தெரியுது. சாத்தத் தெரியல. இதுக்கு எங்க வீட்டுக்காரரே போதும்.” கடவுச்சொல்லைப் பற்றி: “வேலைக்கு சேர்றப்பகூட இத்தன கேள்வி கேக்கல. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண்ணு, குறி. கடைசில எனக்கே தெரியாத ஒண்ண வச்சு என்னையே உள்ள விட மாட்டேங்குது.” மூன்று கேமரா உள்ள போனைப் பற்றி: “மூணு கண்ணு எதுக்கு? பாக்குறது எப்பவும் சமைச்ச சோறும் தூங்குற பூனையும்தான்.” ஒருமுறை ஒரு செயலியின் நிபந்தனைகள் முழுவதையும் படித்துவிட்டுத்தான் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்துவேன் என்று உட்கார்ந்தாள். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அழுத்தியபோது, நேரம் கடந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்று வந்தது. “படிக்கிறவ ஒருத்தி வருவான்னு இவங்க நெனைக்கவே இல்ல பாருங்க,” என்று சிரித்தாள்.

சலவைக் கடை அறுபத்திரண்டு கிளைகள் உள்ள ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது. இயந்திரத்தில் பொத்தான்களும் உண்டு. போனிலிருந்து இயக்கும் செயலியும் உண்டு. வாடிக்கையாளர் இயந்திரத்தின்மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் படம்பிடித்து, துணி வகையைத் தேர்ந்து, ‘தொடங்கு’ என்பதை அழுத்த வேண்டும். கதவு ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொண்டதும் தண்ணீர் இறங்கும். நாற்பத்திரண்டு நிமிடத்தில் துணி தயார்.

இந்தச் செயலியின்மேல் அவளுக்கு இருந்த ஆசையை ஆசை என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று அதில் ஒரு பெட்டி இருக்கிறது. மற்றவர்கள் அதை ஒரு மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொள்வார்கள். அவள் நம்பினாள். குறை கண்டபோதெல்லாம் அதில் எழுதி அனுப்பினாள். அனுப்பியதை என்னிடமும் சொல்வாள். நான் நாள், நேரத்தோடு என் குறிப்பேட்டில் படி எடுத்து வைப்பேன். இரண்டு வருடத்தில் நூற்றுப் பதின்மூன்று குறைகள். எழுத்து சிறியது, கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை என்பது முதலாவது. அதில் எழுபத்தொன்றைக் கம்பெனி சரிசெய்திருந்தது. ஒவ்வொன்றும் சரியாகும் நாளில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, “பாத்தீங்களா, இது நான் சொன்னது,” என்று காட்டுவாள்.

சென்ற மார்ச் இரண்டாம் தேதி கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கிளைகளிலேயே செயலி மிக நன்றாக இயங்குவது இந்தக் கடையில்தான் என்பதால், முதல் ஆளில்லாக் கடையாக இதைத் தேர்ந்திருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி ஒரு சோதனை. நாற்பது சலவை, ஊழியர் தலையீடு இல்லாமல், பொத்தான்களைப் பூட்டிவிட்டு, செயலி வழியாக மட்டும். முப்பத்தெட்டு தேறினால், அடுத்த மாதம் முதல் கடைக்கு ஆள் தேவையில்லை.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கணவர் முதுகு நோயால் இரண்டு வருடமாக வீட்டோடு இருக்கிறார். ஐம்பத்து நான்கு வயதில் ஐந்தாவது வேலை தேடுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

“மொதல் கடை, அத்தான்,” என்றாள். “அறுபத்திரண்டுல மொதல்.” குரலில் பெருமைதான் இருந்தது. பிறகு மடித்துக்கொண்டிருந்த துண்டை விரித்து, மறுபடியும் மடித்தாள். “நானே சொல்லிச் சொல்லிச் சரி பண்ணி, நானே வெளிய போறேன் போல.”

“நூத்திப் பதிமூணு தடவ,” என்றேன்.

“எண்ணிக்கை சொல்லணும்னு உங்ககிட்ட கேட்டேனா?”

ஆனால் சோதனைக்கு முதல் நாள் அவளே வந்து கேட்டாள். கம்பெனிக்காரர் அவர் கணக்கை எழுதுவார். தன் பக்கத்துக்கும் ஒருவர் வேண்டும். “நடக்குறத அப்படியே எழுதுங்க. எனக்காக ஒண்ணும் கூட்ட வேணாம், கொறைக்க வேணாம்.” முப்பத்தாறு வருடம் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மட்டம் குறித்தவனிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சரி என்றேன்.

பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை. காலை ஆறு நாற்பதுக்கே கடை வாசலில் பதினான்கு பேர் துணிக்கூடையோடு நின்றார்கள். செய்தி பரவியிருந்தது. மூன்றாம் மாடி நர்ஸ் இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்திருந்தாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் பேருந்து ஓட்டுநர், துவைத்த திரைச்சீலையையே மறுபடி துவைக்கக் கொண்டுவந்திருந்தார். “அக்காவுக்கு என்ன வேணும்? தேறணுமா, தேறக்கூடாதா? அத மொதல்ல சொல்லுங்க,” என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். அது உண்மை.

கம்பெனிக்காரர் ஒரு பொறியாளர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மடிக்கணினியைத் துணி மடிக்கும் மேசையின் ஓரத்தில் திறந்து வைத்தார். எட்டு இயந்திரங்களும் திரையில் எட்டுக் கட்டங்களாகத் தெரிந்தன.

“மேடம், ஒரே விதிதான். நீங்க மெஷின்லயும் கை வைக்கக் கூடாது, கஸ்டமர் போன்லயும் கை வைக்கக் கூடாது. மத்தபடி உங்க மடிக்கிற வேலைய பாக்கலாம்.”

“கை சும்மா இருந்தா போயிரும் தம்பி. எனக்கு என்னப் பத்தித் தெரியும்,” என்று அவள் ஒரு பெரிய கூடையை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அன்று காலை முழுவதும் அந்தக் கூடையை அவள் கீழே வைக்கவில்லை.

ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு நர்ஸ் ஐந்தாம் இயந்திரத்தில் முதல் சலவையைத் தொடங்கினாள். கட்டம் பச்சையாயிற்று. தொடர்ந்து இரண்டு, ஏழு, மூன்று. எல்லாம் பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் வாசலில் நின்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பவர்களைப் போலக் கை தட்டத் தொடங்கினார்கள். எதிர்ப்பக்கம் சாவி செய்பவர் கடையைத் திறக்காமலே இங்கு வந்து நின்றார். கட்டடக் காவலாளியிடம் செயலி இறங்கும் போன் இல்லை. ஓட்டுநர் தன் போனிலிருந்து அவருடைய சீருடைச் சலவையைத் தொடங்கிக்கொடுத்தார்.

“இது நல்லாருக்கா தம்பி?” என்று அவள் கூடையோடு பொறியாளர் பக்கம் போய்க் கேட்டாள். “போன் இல்லாதவனுக்கும் சட்டை அழுக்காகும். பொத்தானப் பூட்டிட்டா இவர் யார் பின்னாடி நிப்பாரு?”

“அது மேல இருக்கவங்க முடிவு மேடம்.”

“மேல இருக்கவங்க சட்டைய யாரு தொவைக்கிறா?”

அவர் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தார். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நானோ திரை தெரியாத மூலையில் உட்கார்ந்திருந்தேன். அதனால் மனிதர்களைப் பார்த்தேன்.

ஒன்பது முப்பத்தெட்டுக்கு இருபதாவது சலவை தொடங்கியது. இருபதும் பச்சை. பொறியாளர் எழுந்து நின்றுவிட்டார்.

“மேடம், நான் இதுவரைக்கும் பதினேழு கடை பாத்துட்டேன். எங்கயும் இப்படி இல்ல. மத்த எடத்துல எல்லாம் கதவுதான் பிரச்சினை. ‘கதவு பூட்டவில்லை’ன்னு நின்னுடும். உங்க கடையில மட்டும் பதினாலு மாசமா ஒரு கதவுப் புகார் கிடையாது. பூஜ்யம். அதனாலதான் இந்தக் கடைய எடுத்தோம்.”

அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியது. கூடையோடு என்னிடம் வந்தாள்.

“உங்க கணக்கு என்ன சொல்லுது அத்தான்?”

குறிப்பேட்டைப் பார்த்துப் படித்தேன். “சலவை இருபது. கை பட்டது பூஜ்யம். இடுப்பு பதினொண்ணு.”

“என்னது?”

“இடுப்பு. மூணாம் மெஷின்ல மூணு தடவ, அஞ்சுல மூணு, ஆறுல மூணு, எட்டுல ரெண்டு.”

“யாரோட இடுப்பு?”

“உன்னோடதுதான். நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

அவள் என்னை முறைத்தாள். “நான் ஒரு மெஷினையும் தொடல. ரெண்டு கையிலயும் கூடை.”

“அதனாலதான் இடுப்பு,” என்றேன். “கூடையோட அந்தப் பக்கம் போற. போறப்ப கதவுக்குக் கீழ, வலது ஓரத்துல ஒரு இடி. அப்புறம் க்ளிக்.”

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆமா அக்கா. நீங்க எப்பவுமே அப்படித்தான். நான் அது உங்க நடைன்னு நெனச்சேன்.”

ஓட்டுநர் தலையாட்டினார். “நான் மூட்டுவலின்னு நெனச்சேன்.”

அவள் கூடையை அன்று முதல்முறையாகக் கீழே வைத்தாள். ஆறாம் இயந்திரத்தின் முன் போய் நின்று, கைகள் காலியாக இருக்க, தன் இடுப்பையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒரு எழுத்து சிறியதாக இருந்தால் புகார் எழுதியவள், பதினான்கு மாதமாகத் தினமும் தானே இடித்துச் சரிசெய்துகொண்டிருந்த ஒன்றைக் குறை என்றே அறியாமல் இருந்திருக்கிறாள்.

“வீட்ல மேசை இழுப்பறைய சாத்துற மாதிரி,” என்றாள் மெதுவாக. “அத யாராவது புகார் எழுதுவாங்களா?”

பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபதில் ஒன்பதுதான் தேறும். இனி வருகிற இருபதும் தேறினாலும் இருபத்தொன்பது. சோதனை தோற்றது. வாசலில் நின்றவர்கள் இதைக் கணக்கிட்டு முடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. முடித்ததும் மெல்ல ஒரு மகிழ்ச்சிச் சலசலப்பு எழுந்தது. அக்காவின் வேலை தப்பியது. ஓட்டுநர் என் முதுகில் தட்டினார்.

அவள் மட்டும் மகிழவில்லை. பழுதான ஒன்று கண்முன் இருக்கும்போது அவளால் வேறு எதையும் யோசிக்க முடியாது. “பதினாலு மாசம்னா, போன வருசம் ஜனவரி,” என்றாள். “அதுக்கு முன்னாடி நான் இடிச்சேனா?”

“அது என்கிட்ட இல்ல. இன்னிக்குத்தான் எழுதுறேன்,” என்றேன். “ஆனா ஜனவரி இருபத்திரண்டு புது பதிப்பு வந்துச்சு.”

“அதுல என்ன மாத்துனாங்க?”

பொறியாளர் கணினியில் தேடினார். “பெருசா ஒண்ணும் இல்ல மேடம். ‘தொடங்கு’ அழுத்துனதும் கதவு பூட்ட மூணு விநாடி காத்திருக்கும். அத ஒரு விநாடியா கொறைச்சாங்க. வேகமா தொடங்கணும்னு ஒரு புகார் வந்திருக்கு.”

என் விரல் அதற்குள் குறிப்பேட்டில் அந்த இடத்துக்குப் போய்விட்டது. படிப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். கூட்டவும் குறைக்கவும் வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள்.

“நவம்பர் ஒன்பது, காலை பத்தேகால்,” என்று படித்தேன். “இருபத்தேழாவது குறை. தொடங்கு என்பதை அழுத்தியபின் இயந்திரம் மூன்று விநாடி சும்மா நிற்கிறது. என்ன யோசிக்கிறது?”

முதலில் அவள்தான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் இயந்திரத்தில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சாய்ந்த வேகத்தில் அந்தக் கதவு ஒருமுறை ‘க்ளிக்’ என்றது. கடையே சிரித்தது.

“அது யோசிக்கல தம்பி,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கதவுக்காகக் காத்திருந்திருக்கு. கீல் தேஞ்ச கதவு. உக்கார ரெண்டு விநாடி ஆகும். நான்தான் பாவம் அத வெரட்டிட்டேன். பழையபடி மூணு வைங்க.”

பொறியாளர் அவளையே பார்த்தார். இந்த முறை அவர் கண் திரையில் இல்லை. “வச்சா எல்லாக் கதவும் தானா பூட்டிரும் மேடம். இன்னைக்கு சோதனை தோத்தாலும், அடுத்த வாரம் வந்து வேற ஒண்ணு நடத்துவாங்க. அதுல தேறிரும்.” மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தார். “நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ‘கதவுப் பிரச்சினை, காரணம் தெரியல’ன்னுதான் எழுதிட்டுப் போயிருப்பேன்.”

“சொல்லிட்டேனே,” என்றாள்.

“அதான் கேக்குறேன் அக்கா. வைக்கட்டுமா?”

மேடம் அக்காவானது யார் காதிலும் விழாமல் போகவில்லை. என் மனைவி எப்போது கீழே இறங்கி வந்தாளோ தெரியவில்லை. கதவோரத்தில் நின்று, வேண்டாம் என்று தங்கைக்குக் கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அக்காவைப் பார்த்தாள். எட்டு இயந்திரங்களையும் வரிசையாகப் பார்த்தாள்.

“வைங்க,” என்றாள். “தெரிஞ்ச கோளாற வச்சுக்கிட்டு எனக்கு இங்க நிக்க முடியாது.”

அவர் எண்ணை மாற்றினார். மாற்றி முடிக்க இருபது நிமிடமே ஆயிற்று. அவளை வெளியே நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவளாகவே கூடையை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றாள்.

பத்து பதினெட்டுக்கு இருபத்தொன்றாவது சலவை. நடைபாதையில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு முறை ஒருவர் ‘தொடங்கு’ என்பதை அழுத்தும்போதும், வெளியே அவள் உதடு ஒன்று, இரண்டு, மூன்று என்று அசைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மூன்றில் க்ளிக். அவள் இரண்டு கையையும் தூக்குவாள். சாவிக்காரரும் தூக்குவார். முப்பதாவதில் காவலாளியும் எண்ணத் தொடங்கினார். முப்பத்தாறாவது எட்டாம் இயந்திரத்தில். இரண்டு விநாடி கடந்தும் ஓசை இல்லை. அவள் இடுப்பு தானாக ஒருமுறை அசைந்ததைப் பார்த்தேன். இடையில் கண்ணாடி இருந்தது. மூன்றாவது விநாடி முடியும் தறுவாயில் க்ளிக் என்றது. வெளியே எழுந்த சத்தத்தில், ஓட்டுநரோடு வந்திருந்த அவர் மகளின் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு நாற்பதாவது பச்சை. இரண்டாம் பாதி: சலவை இருபது, கை பூஜ்யம், இடுப்பு பூஜ்யம். அடியில் கோடிட்டுக் குறிப்பேட்டை மூடினேன்.

அவள் உள்ளே ஓடிவந்தாள். “இருபதுக்கு இருபது, அத்தான். தானா. எல்லாம் தானா.” என் மனைவி அழுதுகொண்டே, “பைத்தியக்காரி,” என்று அவள் தோளில் அடித்தாள்.

பொறியாளர் என் குறிப்பேட்டின் ஆறு பக்கங்களையும் படம்பிடித்துக்கொண்டு போனார். அடுத்த எட்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் புதுப் பதிப்பு வந்ததா என்று தினமும் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, அவர் கம்பெனியின் மேலாளர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். மேலாளர் சுற்றி வளைக்கவில்லை. “எங்க கணினில இந்தக் கடை குறையே இல்லாத கடை. அதுக்குக் காரணம் உங்க இடுப்புன்னு எந்த வரைபடமும் சொல்லல. மத்த அறுபத்தோரு கடையில இருக்கவங்க தெரியாம என்னென்ன செஞ்சுட்டு இருக்காங்கன்னும் எங்களுக்குத் தெரியல. அவங்ககிட்டயே கேட்டாலும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கே தெரியாது. நீங்கதான் போய்ப் பாக்கணும்.”

“என்ன பாக்கணும்?”

“எல்லாத்தையும். அப்புறம் ஒவ்வொரு புதுப் பதிப்பையும், வெளிய விடுறதுக்கு முன்னாடி.”

“முன்னாடின்னா?” என்றாள். குரல் மாறிவிட்டது. “வேற யாருக்கும் வராத பதிப்பு எனக்கு வருமா?”

“மூணு வாரம் முன்னாடி.”

தங்கைக்கு வேலை கிடைத்ததே என் மனைவிக்குப் போதும். அவளுக்கோ வேலை என்ற சொல்லே காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மூன்று வாரம் என்பதையே இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகுதான் தன் நிபந்தனையைச் சொன்னாள். எந்தக் கடை ஆளில்லாக் கடை ஆனாலும் ஒரு இயந்திரத்தின் பொத்தான்களையாவது பூட்டாமல் விட வேண்டும். மேலாளர் யோசித்தார். பொறியாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். ஒப்புக்கொண்டார்கள். காவலாளி இப்போது முதலாம் இயந்திரத்தை யார் தயவும் இல்லாமல் தானே இயக்குகிறார்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை அவள் அறுபத்தொன்றில் முதல் கடைக்குப் போனாள். பேருந்தில் ஒரு மணி பத்து நிமிடம். நான் தந்த புதுக் குறிப்பேட்டில் அவளே கோடு போட்டுக்கொண்டாள். பதினொன்றரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவது தெரிந்தது.

“அத்தான், இங்க இருக்க பொண்ணு ஒவ்வொரு சலவைக்கும் முன்னாடி சோப்புத் தட்டுல அரைக் குவளை தண்ணி ஊத்துறா. ஏம்மான்னு கேட்டேன். ‘நானா, நான் எங்க ஊத்துறேன்?’னு கேக்குறா.”

“எத்தனை தடவ?”

“இதுவரைக்கும் ஒன்பது. இருங்க, பத்தாவதுக்குக் குவளைய எடுக்குறா. வச்சிடுறேன்.”